கணீரென்று கேட்ட குரல்

...அப்படியானால் கேட்டது யாருடைய குரல், அதை ஒருத்தராவது என்னிடம் கேட்டார்களா, கேட்கமாட்டார்கள், அவர்களுக்குத்தான் பதில் தெரியுமே, தெருவில் போகிறவனை நிறுத்திக் கேட்டாலும் கிளியின் குரல்தான் என்று சொல்லும் அளவுக்கு ஊர் தேறிவிட்டது, என்று நினைத்தபடியே அவள் அழுக்கு மூட்டைமேல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் அறைக்கு வெளியே நாற்காலி எதுவும் கிடையாது. வேலைக்கு வந்தவளுக்கு எதற்கு நாற்காலி, விடுதிகளிலிருந்து வந்த விரிப்பு மூட்டைகள் மெத்தென்று இருக்கின்றனவே, யார் யாரோ படுத்துப் புரண்டவை, அதன்மேல் அவள் புரளாமல் உட்கார்ந்திருக்கிறாள், அதுவே பெரிய மரியாதை. உள்ளே பெடல் அண்ணன், விபத்தை விசாரிக்க வந்திருக்கிற தொழிற்சாலை ஆய்வாளர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறார். மெஷினின் பெடலை மிதிக்கிறவர் என்பதால் அவர் பெடல் அண்ணன், நாளெல்லாம் ஒரே சொல்லைக் கத்துகிறவள் என்பதால் இவள் கிளி, இந்தச் சலவைக்கூடத்தில் பெற்றவர்கள் வைத்த பெயர்கள் சம்பள நாளன்று மட்டும்தான் வெளியே வரும். கதவு மூடியிருந்தாலும் அண்ணன் என்ன சொல்கிறார் என்பது அவளுக்குத் தெரியும், ஒட்டுக்கேட்க வேண்டியதே இல்லை, எல்லாரும் சொல்வதுதான், கேட்டுக் கேட்டு அவளுக்கே மனப்பாடம், வேண்டுமானால் அவருக்குப் பதில் அவளே போய் ஒப்பித்துவிட்டு வரலாம். அடுத்து அவளைக் கூப்பிடுவார்கள். அவள் ஒரு சொல் சொன்னால் போதும் என்று காலையிலேயே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், "ஆமா மேடம், பழக்கத்துல சொல்லிட்டேன்"னு ஒரு வார்த்தை, முடிஞ்சுது கதை, உன்னை வீட்டுக்கு அனுப்பமாட்டேன், மடிப்பு மேசைக்கு மாத்திடறேன், கஷ்டமில்லாத வேலை, கத்தவே வேண்டாம்.

கத்தவே வேண்டாம்... என்ன ஒரு தாராளம். அவள் கத்துகிற சொல் கை இல்லை என்பது. பெரிய இஸ்திரி மெஷினின் அடித்தட்டில் ஈர விரிப்பைப் போட்டு, இந்தப் பக்கம் இவளும் அந்தப் பக்கம் அண்ணியும் சுருக்கம் நீவி, நான்கு கைகளும் வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு இவள் கத்துவாள், கை இல்லை, உடனே பெடல் அண்ணன் மிதிப்பார், கொதிக்கிற மேல்தட்டு இறங்கும், புஸ்ஸென்று ஆவி, மறுபடி ஏறும், அடுத்த விரிப்பு. அண்ணன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் துணிக் குவியல்தான் தெரியும், தட்டு தெரியாது, அவருக்குக் கண் இவளுடைய தொண்டைதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே சொல், சாப்பிட உட்கார்ந்தாலும் நாக்கு அதையே அசைபோடும், பேருந்தில் பக்கத்து ஆள் கைப்பிடியை விட்டால் கை இல்லை என்று வாய்வரை வந்துவிடும், வீட்டில் கொஞ்சம் சத்தமாகப் பேசினாலே அம்மா "ஷிஃப்ட் முடிஞ்சுது, நிறுத்துடி" என்பாள். எதிர்ப்பக்கம் நின்ற அண்ணி அவளுடைய சொந்த அண்ணி, கூடப்பிறந்தவனைக் கட்டிக்கொண்டவள், நல்ல வேலை வா என்று இவளே கூட்டிவந்து சேர்த்துவிட்டாள், சேர்த்துவிட்டதற்கு எல்லாரும் வாழ்த்தினார்கள். அன்றைக்கு அண்ணியின் வலதுகை தட்டுக்குள் இருக்கும்போதே மேல்தட்டு இறங்கியது. விரிப்பின் நடுவில் ஒரு மடிப்பு, அண்ணி அதை எட்டி இழுத்துக்கொண்டிருந்தாள், இவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள், கை உள்ளே இருக்கிறது, வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள். இவ்வளவுதான் நடந்தது. சொல்லிமுடிக்க ஒரு மூச்சு போதும், ஆனால் அந்த ஒரு மூச்சை முழுசாக விட யாரும் இடம் கொடுப்பதில்லை.

இன்னொன்றும் நடந்தது, அதற்கு முன்பே நடந்தது. தட்டின் விளிம்பில் ஒரு காவல் கம்பி உண்டு, அதில் கை பட்டால் தட்டு தானாக மேலே போய்விடும். துணி பட்டாலும் போய்விடும், அதுதான் சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை, இப்படி நின்று நின்று ஓடினால் எப்போது முடிப்பது, மெக்கானிக்கை விட்டு அந்தக் கம்பியைக் கட்டுக்கம்பி போட்டு அசையாமல் கட்டவைத்தார். எல்லாரும் பார்த்தார்கள், பார்த்து அப்பாடா என்றார்கள், இவளும்தான் சொன்னாள், மெஷின் மக்கர் பண்ணாமல் ஓடினால் யாருக்குத்தான் கசக்கும். அண்ணியை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது கட்டுக்கம்பி இல்லை, காவல் கம்பி பிறந்த குழந்தை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கட்டியிருந்ததே என்றாள். "என்ன கட்டியிருந்துச்சு?" என்றார் சூப்பர்வைசர், கோபமே இல்லாமல், "யாரு கட்டுனது, எப்போ? ஏம்ப்பா, யாராவது பாத்தீங்களா?" யாரும் தலையைத் தூக்கவில்லை. மறுநாளும் அவரே ஆரம்பித்தார், கட்டவே இல்லையே, இந்தப் பொண்ணு ஏன் இப்படிச் சொல்லுது, பாவம் அதிர்ச்சியில இருக்கு. அதற்கு மறுநாள் மடிப்பு மேசையில் அந்தப் பேச்சு வந்தது, கட்டல போலிருக்கே. அதற்கும் மறுநாள் போலிருக்கே உதிர்ந்துபோய் வெறும் கட்டல மட்டும் மிச்சம். ஒரு சொல்லுக்கு எப்படி எடை கூடுகிறது என்பதை அவள் கண்ணெதிரே பார்த்தாள், சாட்சியும் இல்லை காரணமும் இல்லை, மறுபடி சொன்னார்கள், அவ்வளவுதான், மறுபடி மறுபடி சொன்னார்கள், கறை போகாத துணியைத் திரும்பத் திரும்ப மெஷினில் போடுகிற மாதிரி, கடைசியில் கறையும் போகவில்லை, ஆனால் எங்கே இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

அப்புறம் அந்தக் கணீர். அதை யார் முதலில் சொன்னது என்று அவளுக்குத் தெரியும், சூப்பர்வைசர்தான், அவர் ஒருத்தர்தான் இந்தக் கூடத்தில் கணீர் என்கிற ஆள், ஏதோ மேடையில் பேசிப் பழகிய வாய். "கிளி குரல் கணீர்னு கேட்டுச்சே, கை இல்லைன்னு." அடுத்த நாள் பெடல் அண்ணன் சொல்கிறார், கணீர்னு கேட்டுச்சும்மா. பெடல் அண்ணனாவது கணீராவது! அந்த மனிதர் வாழ்நாளில் சத்தத்துக்கு வைத்திருக்கிற சொற்கள் டம், டமார், இரண்டே இரண்டு, மழை பெய்தாலும் டமார்தான், பேரப்பிள்ளை அழுதாலும் டமார்தான், அவர் வாயில் கணீர் எப்படி வந்தது? மடிப்பு மேசையில் இருக்கிற அக்கா, எல்லாரும் மடிப்பக்கா என்று கூப்பிடுகிற அந்த நல்ல மனுஷியும் கணீர் என்றாள். சலவை டிரம் உருளும்போது அக்காவுக்குத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே கேட்காது, தோளைத் தட்டவேண்டும், அவளுக்குக் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து கணீர். பொய் சொல்கிறார்கள் என்றால் அவளுக்குச் சண்டைபோடத் தெரியும், நாலு கேள்வி கேட்டு நாறடிக்கத் தெரியும். அவர்கள் முகத்தில் பொய் இல்லையே. பெடல் அண்ணன் கண் கலங்கிச் சொல்கிறார், உன்மேல தப்பு சொல்லலம்மா, எனக்குக் கேட்டுச்சு, கேக்காம எப்படிம்மா நான் மிதிப்பேன், நான் என்ன கொலைகாரனா?

வீட்டில் இன்னும் அழகு. வீட்டில் யாரும் குற்றம் சொல்வதில்லை, மன்னித்துவிட்டார்கள், காலையில் மன்னிக்கிறார்கள், மத்தியானம் மன்னிக்கிறார்கள், தட்டில் சாப்பாடு போடும்போது ஒரு கரண்டி கூடுதலாக மன்னிக்கிறார்கள். "வேணும்னேவா பண்ணே? வாய்ப்பழக்கம்" என்பாள் அம்மா. "விடும்மா, அவளே நொந்துபோயிருக்கா" என்பான் அண்ணன், நொந்துபோகவில்லை, எரிகிறது, ஆனால் அதைச் சொல்ல வாயெடுத்தால், "உன்னை யாரும் ஒண்ணும் சொல்லலியே" என்று மறுபடி அதையே சொல்வார்கள், செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்குவதைவிட இரண்டு அறை வாங்கலாம், அறைக்காவது திருப்பிக் கொடுக்கலாம். இன்று காலையில்தான் அண்ணிக்குத் தலைவாரிவிட்டாள். வலதுகையில் கட்டு, ஒற்றைக்கையால் பின்னல் போட முடியாது, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அண்ணி சுவரைப் பார்த்தபடி, "நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல கிளி" என்றாள். சீப்பு நின்றுவிட்டது. "எதை அண்ணி?" என்று கேட்டாள். "எல்லாரும் சொல்றாங்களே... யோசிச்சுப் பாத்தா எனக்கும் உன் குரல் கேட்ட மாதிரிதான் இருக்கு" என்றாள் அண்ணி. பின்னலை வேண்டுமென்றே இறுக்கிப் போட்டாள், வலித்திருக்கும், அண்ணி வாயைத் திறக்கவில்லை. வலித்தால் வலிக்கிறது என்று சொல்லேன் அண்ணி, என் குரல் கேட்டது என்று மட்டும் சொல்லத் தெரிகிறதே! இப்போது நினைத்தால் கை கூசுகிறது, வெந்த கையோடு உட்கார்ந்திருந்தவளின் தலைமுடியில் போய்க் கோபத்தைக் காட்டினேனே, என்ன ஜென்மம் நான்.

ஏனென்றால் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போகும்போது அண்ணி வேறு மாதிரி சொன்னாள். ஈரத்துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு, உதடெல்லாம் வெளுத்து, இவள் தோளில் சாய்ந்து, "யாரும் குரல் குடுக்கலியே கிளி, எப்படி இறங்குச்சு?" என்றாள். ஒரே ஒரு தடவை. அப்புறம் ஊசி போட்டார்கள், தூங்கினாள், எழுந்தபோது கட்டிலைச் சுற்றி ஆட்கள், சூப்பர்வைசர் ஆப்பிள் பையோடு நிற்கிறார், கணீர். ஒரு தடவை சொன்னது உண்மையா, ஓராயிரம் தடவை சொன்னது உண்மையா? தராசில் வைத்தால் அந்த ஒற்றைச் சொல் பஞ்சு, பறந்தே போய்விடும். அதைக் கேட்டவள் இவள் ஒருத்திதான், வேறு யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அண்ணியையே கூப்பிட்டுக் கேட்பார்கள், அண்ணி அப்படிச் சொன்னேனா என்பாள், பாவம் அவளுக்கு நினைவிருக்காது. அதனால் அந்தச் சொல்லை இவள் தனக்குள்ளேயே பொத்தி வைத்திருக்கிறாள், அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுகூட இல்லை, தேய்ந்துவிடுமோ என்று பயம்.

பயம் அது மட்டும் இல்லை. இரண்டு மூன்று நாட்களாக இன்னொன்று நடக்கிறது, அதை நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது. கண்ணை மூடினால் அந்த இடம் வருகிறது, விரிப்பு, நடுவில் மடிப்பு, அண்ணியின் கை, அப்புறம்... முன்பெல்லாம் அந்த இடத்தில் ஒன்றுமில்லை, டிரம் உருளும் இரைச்சல் மட்டும்தான். இப்போது அங்கே மெலிதாக ஒரு குரல் கேட்கிறது. கை இல்லை. யாருடைய குரல்? என்னுடையது. எனக்கு நன்றாகத் தெரிந்த என் குரலேதான், கொஞ்சம் அலுப்போடு, கடைசியில் கொஞ்சம் இழுத்து. இது எங்கிருந்து வந்தது, எவன் கொண்டுவந்து வைத்தான், கட்டுக்கம்பியை அவிழ்த்த மாதிரி ஆள் இல்லாத நேரம் பார்த்து என் தலைக்குள்ளும் புகுந்து வேலை பார்த்துவிட்டார்களா? அதை விரட்டத்தான் சொல்லவில்லை சொல்லவில்லை என்று நாளெல்லாம் முணுமுணுக்கிறாள், குளிக்கும்போது, துணி காயப்போடும்போது, இந்த மூட்டைமேல் உட்கார்ந்தபோதுகூட. திடீரென்று வாயைக் கப்பென்று மூடினாள். நானும் அதைத்தானே செய்கிறேன்! அவர்கள் சொன்னாய் சொன்னாய் என்று ஓதுகிறார்கள், நான் சொல்லவில்லை சொல்லவில்லை என்று ஓதுகிறேன், யார் அதிக நேரம் ஓதுகிறார்களோ அவர்களுக்குத்தான் உண்மை என்று பந்தயமா நடக்கிறது? கிளி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். வேண்டாம், இனி எனக்குள்ளேகூட ஒரு தடவைக்கு மேல் சொல்லப்போவதில்லை, நடந்தது ஒரு தடவைதான் நடந்தது, அதை ஒரு தடவை சொன்னால் போதும், ஒரு தடவை சொன்னால் ஏறாத காதில் ஓராயிரம் தடவை சொன்னாலும் ஏறுவது உண்மை இல்லை, சத்தம்.

மடிப்பக்கா டம்ளரில் தேநீர் கொண்டுவந்து நீட்டினாள். "குடி, தொண்டை வறண்டிருக்கும்" என்றாள். இந்த அக்காதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குக் கைச்சூட்டுக்கு மருந்து தடவிவிட்டவள், மோசமானவள் என்று எப்படிச் சொல்வது. பக்கத்து மூட்டையில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தி, "ஒத்துக்கோ கிளி, ஒண்ணும் ஆகாது. மேசையில எனக்கும் பேச்சுத்துணைக்கு ஆளாச்சு" என்றாள்.

"அக்கா, நீங்க நெஜமாவே கேட்டீங்களா?"

"கேட்டேனே. கணீர்னு."

"அன்னைக்கு அந்த நேரத்துல நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அக்கா மடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினாள். "மடிச்சிட்டுதான் இருந்திருப்பேன், வேற என்ன" என்றாள் கடைசியில். என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதற்கு இருந்திருப்பேன், குரலுக்கு மட்டும் கேட்டேன். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது, அதற்குமேல் அவளைக் குடைய மனசு வரவில்லை, தேநீர் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். கதவு திறந்தது. பெடல் அண்ணன் வெளியே வந்தார், அவளைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தபடி போனார்.

உள்ளே ஆய்வாளர் அம்மாவுக்கு நல்ல ஜலதோஷம், பஞ்சு பறக்கிற இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண்ணெல்லாம் சிவந்து, ஆளைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. சூப்பர்வைசர் சுவரோரம் நின்றிருந்தார், அவர் வெளியே போயிருக்கவேண்டும், போகவில்லை, ஆய்வாளர் அம்மா தும்முகிற மும்முரத்தில் கவனிக்கவில்லை. "பயப்படாம சொல்லும்மா, அன்னைக்கு நீ குரல் குடுத்தியா?" அவள், "இல்லை மேடம்" என்றாள். அவ்வளவுதான், இத்தனை நாள் தொண்டையில் சிக்கியது வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்துவிட்டது. "அண்ணி கை உள்ள இருந்துச்சு, அதனால நான் சொல்லல. காவல் கம்பியைக் கட்டி வெச்சிருந்தாங்க, அதனால தட்டு மேல போகல." சூப்பர்வைசர் சிரித்தார், சின்னப்பிள்ளை பேச்சைக் கேட்ட மாதிரி. "கட்டவே இல்லையே மேடம். அதிர்ச்சி. இதேதான் சொல்லிட்டிருக்கு. கட்டவே இல்லை, யாரை வேணா கேளுங்க." ஆய்வாளர் அம்மா மூக்கைச் சிந்தினாள். "ஏம்மா, எல்லாரும் ஒண்ணுபோலச் சொல்றாங்களே, கணீர்னு கேட்டுச்சுன்னு?"

"ஒண்ணுபோலச் சொல்றாங்கல்ல மேடம், அதான் எனக்குச் சந்தேகம். ஆளுக்கு ரெண்டு காது இருக்கு, எல்லாருக்கும் எப்படி ஒரே கணீர்?"

அதிகப்பிரசங்கி என்று நினைத்துவிடுவாளோ, நினைக்கட்டும், இனி என்ன, மடிப்பு மேசையும் போயிற்று. ஆனால் ஆய்வாளர் அம்மா அவளை உற்றுப் பார்த்தாள், முதல் தடவையாகக் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தாள். "சரி, இருந்த இடத்துல இருந்தே பாத்துடலாம். மெஷினை ஓட்டச் சொல்லுங்க. அவங்கவங்க அன்னைக்கு நின்ன இடத்துல நிக்கட்டும். இந்தப் பொண்ணு குரல் குடுக்கட்டும், கேட்டவங்க கையைத் தூக்கட்டும்." சூப்பர்வைசர் முகம் மலர்ந்துவிட்டது, தாராளமா மேடம், தாராளமா.

டிரம்கள் உருளத் தொடங்கின, ஆவிக்குழாய் சீறியது, தரை காலுக்கடியில் அதிர்ந்தது, அந்த இரைச்சல் வந்ததும் உடம்பு தானாகத் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டது, மாட்டுக்குத் தொழுவம் தெரிகிற மாதிரி, வெட்கங்கெட்ட உடம்பு. எதிரே அண்ணியின் இடம் காலி. பக்கத்தில் ஆய்வாளர் அம்மா, குவியலுக்கு அப்பால் பெடல் அண்ணன், தூரத்து மேசையில் மடிப்பக்கா, வாசலோரம் சூப்பர்வைசர். அவளே விரிப்பைப் போட்டாள், அவளே நீவினாள், துணியின் ஈரச்சூடு உள்ளங்கையில் ஏறியது. இப்போது கத்தவேண்டும். கையை வெளியே எடுத்தால் வாய் திறந்துகொள்ளும், எப்போதும் அப்படித்தான், கைக்கும் வாய்க்கும் ஏதோ கயிறு கட்டின மாதிரி. கேட்குமா? கேட்டுவிட்டால்? கேட்டால் பாத்தீங்களா மேடம் என்பார், அன்னைக்கும் இதே மாதிரிதான் என்பார், கேட்காவிட்டாலும் கேட்டது என்பார்கள், எப்படிப் போனாலும் அந்தச் சொல் இன்னொரு தடவை உலகத்துக்குள் வந்துவிடும், இந்தத் தடவை என் வாயாலேயே, இத்தனை பேர் இத்தனை நாள் என் பெயரில் சொல்லிக்கொண்டிருந்ததை நானே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். மாட்டேன். என்ன செய்துவிடுவீர்கள், மாட்டேன். அன்றைக்கு எப்படிச் செய்தாயோ அப்படியே செய் என்றால் அப்படியே செய்கிறேன், அன்றைக்கு நான் செய்தது இதுதான். கைகளை வெளியே எடுத்தாள். நாக்கு துடித்தது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே பிடித்துவைத்தாள், கழுத்து நரம்பு புடைக்கிற அளவுக்கு, ஆய்வாளர் அம்மா என்ன ஆச்சு என்பதுபோல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது கடைக்கண்ணில் தெரிந்தது, சரி, திட்டப்போகிறாள், திட்டட்டும்...

மேல்தட்டு இறங்கியது.

புஸ்ஸென்று ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. அது கலைந்தபோது வாசலோரம் சூப்பர்வைசரின் கை உயர்ந்திருந்தது. மேசையருகே மடிப்பக்காவின் கை உயர்ந்திருந்தது, பாதி மடித்த துண்டோடு. குவியலுக்கு மேலே பெடல் அண்ணனின் கை மட்டும் தெரிந்தது, விரல்களை விரித்து, பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளை தூக்குகிற மாதிரி நன்றாக உயர்த்தி. ஆய்வாளர் அம்மா நிறுத்தச் சொல்லி சைகை காட்டினாள். டிரம்கள் உறுமி ஓய்ந்தன. ஓய்ந்தபின் கூடம் இவ்வளவு பெரியதா என்று இருந்தது.

"கேட்டுச்சா?" என்றாள் ஆய்வாளர் அம்மா.

"கணீர்னு மேடம்" என்றார் சூப்பர்வைசர். பெடல் அண்ணன் குவியலைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "கேட்டுச்சும்மா. அதான் மிதிச்சேன்."

"நான் இந்தப் பொண்ணு பக்கத்துலதான் நின்னேன். இவ வாயே திறக்கல."

மடிப்பக்கா உயர்த்திய கையை இறக்க மறந்து நின்றாள். பெடல் அண்ணன் முதலில் ஆய்வாளர் அம்மாவைப் பார்த்தார், அப்புறம் கிளியைப் பார்த்தார், அப்புறம் குனிந்து தன் வலதுகாலைப் பார்த்தார், "இல்லம்மா... எனக்குக் கேட்டுச்சு... சத்தியமா" என்றார், குரல் உடைந்துவிட்டது. அவருக்காக அழவேண்டும்போல் இருந்தது அவளுக்கு, இத்தனை கோபத்துக்கு நடுவிலும், இந்த மனிதர் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை என்பது இப்போதுதான் புரிந்தது. சூப்பர்வைசர் மட்டும்தான் சுதாரித்துக்கொண்டார், "இப்போ சொல்லலைன்னா அன்னைக்கும் சொல்லலைன்னு ஆயிடுமா மேடம்? அன்னைக்குச் சொன்னா, கணீர்னு சொன்னா" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், ஆய்வாளர் அம்மா கையை நீட்டி அவரை நிறுத்தினாள். அவள் முகத்தில் வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை, குழப்பம்தான் இருந்தது. கிளியின் பக்கம் திரும்பி, என்னவோ தோன்றியதுபோல், "உனக்கு?" என்றாள். "உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

எனக்கா, என்று கேட்க வாயெடுத்தவள் நின்றாள். இல்லை என்று சொன்னால் முடிந்தது, ஜெயித்தாயிற்று, ஒரே சொல், எவ்வளவு சுலபம். ஆனால் கேட்டதே. பல்லைக் கடித்து நாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே, தட்டு இறங்குவதற்கு ஒரு கணம் முன்னால், காதுக்கு வெகு பக்கத்தில், கொஞ்சம் அலுப்போடு, கடைசியில் கொஞ்சம் இழுத்து, அவளுக்கும் கேட்டது. அதைச் சொன்னால் சூப்பர்வைசர் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார், தெரியும். தொங்கட்டும், அவருக்காக நான் இல்லாததை இருக்கிறது என்றும் சொல்லமாட்டேன், இருந்ததை இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

"கேட்டுச்சு மேடம்" என்றாள். "ஆனா நான் சொல்லல."

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா" என்று சூப்பர்வைசர் எகிறியது எங்கோ தூரத்தில் கேட்டது. அவள் எதிரே காலியாக இருந்த அண்ணியின் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை இல்லை என்று சொல்ல இத்தனை வருஷமாக ஒரு குரல் வைத்திருக்கிறோம், கை இருக்கிறது என்று சொல்ல? அதற்கு இந்தக் கூடத்தில் ஒரு சொல்லே கிடையாது, சும்மா இருப்பதுதான் அதற்குப் பெயர், சும்மா இருந்தால் யாருக்குக் கேட்கும்... அன்றைக்கு அண்ணியின் கை உள்ளே இருந்ததைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அப்போதும் எனக்குள் அந்தக் குரல் கேட்டிருக்குமோ? ஆய்வாளர் அம்மா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள், எந்த இடத்தில் கம்பியைக் கட்டியிருந்தார்கள் என்று கேட்கிறாள் போலிருக்கிறது. கிளி கையை நீட்டித் தட்டின் விளிம்பைத் தொட்டுக் காட்டினாள்.